நீர் யார்?

2025-ஆம் ஆண்டு ஜூன் மாதச் சம்பள நாள். பொந்தியான் பட்டணத்துக்கு அப்பால் நாம் வேலை பார்க்கும் செம்பனைத் தோட்டத்தில், மாலையில் ஆபீசுக் கதவைச் சாத்தும் வேளை. அவ்வாபீசைக் கூட்டித் துடைக்கும் அம்மையார், விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு நம் மேஜையருகே வந்து நின்றார். கையிலிருந்த கைப்பேசியை நம் முன் வைத்து, "தம்பி, வீட்டுல படம் பாக்குற பெட்டி திடீர்னு நீ யாருன்னு கேக்குது. நான் யாருன்னு சொன்னா அது ஒத்துக்கும்?" என்று கேட்டார்.

நாம் சிரித்துவிட்டோம். ஞானிகள் ஆயுள் முழுவதும் தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட கேள்வியை ஒரு பெட்டி கேட்கின்றதே என்று வேடிக்கையாக ஏதோ சொல்லவும் செய்தோம். அம்மையார் சிரிக்கவில்லை. அந்தப் பெட்டியை வாங்கி வைத்தவனும், அதற்குச் சந்தா கட்டியவனும், அது கேட்கும் கேள்விகளுக்கு விடை அறிந்தவனும் அவருடைய மகன். 2024-ஆம் ஆண்டு தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில், சிங்கப்பூர் வேலைக்கென்று விடியுமுன் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டவன், வழியிலேயே விபத்தில் இறந்துபோனான். இது நமக்குத் தெரியாததன்று. நாமும் அவனும் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். அந்தக் கணத்தில் மறந்திருந்தோம், வேறென்ன சொல்ல?

இக்காலத்துச் செயலிகளைப் பற்றியும், அவற்றின் சந்தா, கணக்கு, கடவுச்சொல் ஆகிய தொல்லைகளைப் பற்றியும் எழுதவேண்டுமென்று நெடுநாளாய் எண்ணியிருந்தோம். எழுதினால் நகைச்சுவையாகவே எழுதுவதென்பதும் எண்ணம். ஏனெனில், நகைப்புக்கு இடமானவை அதில் ஏராளம். மாதந்தவறாமல் பணம் பெற்று மூன்றாண்டு பழகிய ஒரு செயலி, ஒரு நாட்காலையில் நம்மை முன்பின் அறியாததுபோல் விழிக்கும். பெயரைக் கேட்கும். சொன்னால் கடவுச்சொல்லைக் கேட்கும். அதையும் சொன்னால், ஆறிலக்க எண்ணொன்றைக் கைப்பேசிக்கு அனுப்பி, அறுபது விநாடிக்குள் அதனைத் திருப்பிச் சொல் என்னும். செம்பனைக் காட்டுக்குள் அலை வந்து சேர்வதற்கே அறுபது விநாடி போதாதென்பதைத் தோட்டத்தில் வாழ்வார் அறிவர். சரி, புதிய கடவுச்சொல் வைத்துக்கொள்வோமென்றால், பெரிய எழுத்து ஒன்று, சிறிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று என்று, யாப்பிலக்கண ஆசிரியர் சீரும் தளையும் கேட்பதுபோல் கேட்கும். எல்லாம் பொருந்த இயற்றி முடித்தபின், "இது தாங்கள் முன்னமே பயன்படுத்திய சொல்" என்று தள்ளிவிடும். முன்பு பயன்படுத்திய சொல் அதற்கு நன்றாய் நினைவிருக்கின்றது, ஆளைத்தான் தெரியவில்லை! பிறகு, படத்திலுள்ள வீதி விளக்குகளையெல்லாம் தொட்டுக்காட்டி, நாம் இயந்திரமல்லவென்று ஓர் இயந்திரத்தினிடம் மெய்ப்பிக்கவேண்டும்.

இவ்வாறெல்லாம் எழுதி வாசகர்களைச் சிரிக்க வைத்திருக்கலாம். அம்மையார் வந்து நின்ற பிறகு அந்தக் கட்டுரையை எழுத மனம் வரவில்லை.

சந்தா என்னும் சொல் நம் ஜனங்களுக்குப் புதிதன்று. 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. அவர்கள் மலாயாவுக்கு வந்து, அடுத்த ஆண்டு ஜனவரி வரையில் ஊர் ஊராய்ப் பேசிச் சென்றார். 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935 ஜூலையில் கோ. சாரங்கபாணி அவர்களின் 'தமிழ் முரசு' பிறந்தது. அதன் பின்னர்த் தோட்டங்களில் நடந்த வாசிப்பைப் பற்றி, அக்காலத்தில் சிறுவராயிருந்த நம் பாட்டனார் பலமுறை சொல்லக் கேட்டிருக்கின்றோம். தோட்டத்துக்கு ஒரே பத்திரிகை வரும். உறையின்மேல் பெயர் ஒருவருடையது. காசு பலருடைய மடியிலிருந்து வந்தது. பால் வெட்டி வந்து குளித்துச் சோறுண்ட பின், எழுத்தறிந்த ஒருவர் மண்ணெண்ணெய் விளக்கடியில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். முப்பது பேர் சுற்றிலும் குந்தியிருந்து கேட்பார்கள். விளங்காத இடத்தில் நிறுத்தச் சொல்வார்கள். சினம் வரும் இடத்தில் வெற்றிலையைத் துப்புவார்கள். "என் சந்தாதாரர் ஒருவர், மற்ற இருபத்தொன்பது பேரும் என்னைக் களவாடுகின்றவர்கள்" என்று எந்தப் பத்திரிகைக்காரரும் வழக்காடியதாகப் பாட்டனார் சொல்லவில்லை. அந்த இருபத்தொன்பது பேருக்காகத்தானே அவர்கள் எழுதினார்கள்!

வானொலிப் பெட்டி வந்தபோதும் அப்படித்தான். தொலைக்காட்சி வந்தபோதும் அப்படித்தான். அரசாங்கம் உரிமக் கட்டணம் வாங்கிற்று. 1999-இல் அது நிறுத்தப்படும் வரையில் இந்நாட்டில் தொலைக்காட்சிக்கு ஆண்டுக்கு 24 ரிங்கிட். அது பெட்டிக்குரிய கட்டணம். பெட்டியின் முன்னே எத்தனை பேர் உட்கார்ந்தார்கள், அவர்களுள் யார் உறவினர், யார் அண்டை வீட்டார் என்று எவரும் தலை எண்ணவில்லை.

நம் சிறு வயதில், தொண்ணூறுகளின் கடைசியில், லயத்துக் கூரைகளின்மேல் நின்ற ஏரியல் கம்பிகள் பெரும்பாலும் தெற்கு நோக்கியே திரும்பியிருக்கும். கோலாலம்பூர் அலைவரிசைகளோடு சிங்கப்பூரின் அலைவரிசைகளும் தென் ஜொகூர் வீடுகளில் தெரிந்த காலம் அது. அலைக்குச் சுங்கச் சாவடியில்லை. சிங்கப்பூர்த் தமிழ் நாடகங்களை அங்குள்ளவர்களைப் போலவே நாமும் வாரந்தோறும் பார்த்தோம். அவர்கள் செய்தியில் வரும் மழை பெரும்பாலும் நமக்கும் பெய்தது. காற்றடித்தால் கம்பி திரும்பிவிடும். அப்பொழுது கூரைமேல் ஏறுகின்றவன் அந்த அம்மையாரின் மகன்தான். அவனைப்போல் தகரத்தின்மேல் ஓசைப்படாமல் நடக்க நமக்கு வரவில்லை. அவன் மேலிருந்து "வந்துருச்சா?" என்பான். கீழே பத்துப் பேர் ஒரே குரலில் "இன்னுங் கொஞ்சம்! இன்னுங் கொஞ்சம்! போதும், போதும், ஆட்டாதே!" என்பார்கள். ஆட்டாமல் பிடித்தால்தான் படம் நிற்குமென்று தெரிந்து, ஒரு நாடகம் முடியும் வரையில் கூரைமேலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் ஒரு நாள். அவனுக்கு அன்று கதை தெரியாது. இறங்கி வந்தபின் அவன் தாயார் சொல்லக் கேட்டுக்கொண்டான்.

சிங்கப்பூர் தன் பழைய முறை ஒளிபரப்பை 2019 ஜனவரியில் நிறுத்திற்று. நம் நாடு அதே ஆண்டு அக்டோபரில் நிறுத்திற்று. இலக்கமுறை வந்தது, படம் தெளிவாயிற்று. அதிலும் தெற்கு நோக்கிக் கம்பி வைப்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் இளைஞர்கள் கூரையை விட்டுக் கைப்பேசிக்கு வந்துவிட்டார்கள். அங்கேதான் எல்லை முளைத்தது. குக்குப் கடற்கரையில் நின்றுகொண்டு அதே தமிழ் நாடகத்தைச் செயலியில் தேடினால், "தங்கள் பகுதியில் இது கிடைக்காது" என்று பதில் வருகின்றது. வேடிக்கை என்னவென்றால், அதே குக்குப் கரையில் நம் கைப்பேசி அவ்வப்போது அக்கரை அலையைப் பிடித்துக்கொண்டு, "இந்தோனேசியாவுக்கு நல்வரவு" என்று செய்தி காட்டும். நாமோ மீன் வாங்கப் போயிருப்போம்.

இதற்குக் காரணம் உண்டு. அதனையும் சொல்வதே நியாயம். திரைப்படம் என்பது ஏரியா ஏரியாவாக விற்கப்படும் பண்டம். தமிழ்நாட்டில் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கற்பட்டு மூன்றையும் சேர்த்து 'என்.எஸ்.சி.' என்று ஒரு வட்டாரமாக விநியோகஸ்தர்கள் வாங்கிய வழக்கம் நெடுங்காலமாய் இருந்துவருகின்றது. கடல் கடந்த நமக்கும் ஒரு பெயர் வைத்திருக்கின்றார்கள்: 'எப்.எம்.எஸ்.' வெளிநாடு, மலேசியா, சிங்கப்பூர் என்று விரிப்பார்கள். ஆகவே சென்னைத் திரைப்பட வாணிபத்தில் பொந்தியானும் சிங்கப்பூரும் ஒரே மூட்டை. செயலியில்தான் அவை இரண்டு உலகங்கள். எந்த நாட்டு உரிமையை எவர் வாங்கினாரோ அவருக்கே அந்த நாட்டில் காட்டும் அதிகாரம் என்பது வாணிப நியாயம். அதனை நாம் பழிக்கவில்லை. ஆனால், உரிமையை வாங்கிய எவரும் இல்லாத இடத்திலும் கதவு சாத்தியே இருப்பதேன் என்று கேட்கத் தோன்றுகின்றது. காசு கொடுக்க ஆயத்தமாய் நிற்பவனுக்குப் பண்டமில்லை என்று சொல்லும் கடைகளை இக்காலத்திலேதான் கண்டோம்.

இலவசமாய்ப் படம் பார்ப்பது நமது பிறப்புரிமை என்று வாதாடுவதாக எவரும் எண்ணவேண்டாம். பாசார் மாலாமில் கள்ளத் தட்டுகள் குவித்து விற்ற காலத்தில் நாமும் வாங்கினோம். பாடினவனுக்கும் நடித்தவனுக்கும் விளக்குப் பிடித்தவனுக்கும் அதில் ஒரு காசும் போகவில்லை என்பதை அறிந்தே வாங்கினோம். அது தவறு. மேலும், பூட்டே வேண்டாமென்று சொல்வாருமில்லை. மோசடிக்காரர்கள் ஏழைகளின் சேமிப்பைக் கைப்பேசி வழியாய்த் துடைத்தெடுப்பதை நாம் தினமும் கேள்விப்படுகின்றோம். குறுஞ்செய்தியில் எண் அனுப்பும் முறையும் போதாதென்று, அதனைவிட உறுதியான வழிக்கு மாறும்படி பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் வங்கிகளுக்கு அறிவித்தது. வீட்டுக்குக் கதவும் கதவுக்குத் தாழ்ப்பாளும் வேண்டியவைதாம்.

நமது வருத்தம், வீடு என்றால் என்ன என்பதை இயந்திரம் முடிவு செய்வதைப் பற்றியது. நெட்பிளிக்ஸ் நிறுவனம் 2017 மார்ச்சில், கடவுச்சொல்லைப் பகிர்வதே அன்பு என்னும் பொருளில் ஒரு வரியை உலகறிய வெளியிட்டது. 2022 ஏப்ரலில் தன் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில், பணம் கட்டும் 22 கோடி வீடுகளுக்குமேல் 10 கோடிக்கும் அதிகமான வீடுகள் பணம் கட்டாமல் பகிர்ந்து பார்ப்பதாகக் கணக்குக் காட்டிற்று. 2023 மே மாதத்தில், மலேசியா உட்பட நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில், ஒரு வீட்டாருக்கே ஒரு கணக்கு என்னும் விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு டிஸ்னியும் அவ்வழியே சென்றது. அன்புக்கு ஆறாண்டுதான் ஆயுள் போலும்! அது கிடக்க. அவர்கள் அகராதியில் வீடென்பது ஒரே இணையத் தொடர்பில் தொங்குகின்றவர் கூட்டம். நம் ஜனங்களின் வீடு எப்படியிருக்கின்றது? தந்தை தோட்டத்தில், மகன் வாரத்தில் ஐந்து நாள் சிங்கப்பூரில் பதின்மர் படுக்கும் அறையில், மகள் கல்லூரி விடுதியில், பாட்டி பொந்தியான் பட்டணத்துத் தாமான் வீட்டில். தோட்டங்களில் பழைய குடும்பங்கள் குறைந்து, வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் லயங்களில் நிறைந்த பிறகு, நாம் இப்படித்தான் சிதறிக் கிடக்கின்றோம். சிதறிக் கிடந்தும் ஒரே உலையில் வேகும் சோறு நம்முடையது. அதனை இயந்திரத்துக்கு விளங்க வைக்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

இவ்விடத்தில் நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாகவேண்டும். நம் மேஜை இழுப்பறையில் 555 என்று எண் பொறித்த சிறு நோட்டுப் புத்தகம் ஒன்று உண்டு. கடைக்காரர்கள் கடன் எழுதும் அதே புத்தகம். அதில் இத்தோட்டத்து நாற்பதுக்கு மேற்பட்டவர்களின் கடவுச்சொற்கள் எழுதப்பட்டிருக்கின்றன. நாம் கேட்டு வாங்கியவை அல்ல. 2020-இல் நோய்த்தொற்றுக் காலத்தில் மைசெஜாத்ரா செயலியைப் பதித்துத் தரச் சொல்லி முதலில் வந்தார்கள். பிறகு ஊழியர் சேமநிதிக் கணக்குப் பார்க்க வந்தார்கள். 2024 ஜனவரியிலிருந்து மார்ச் வரையில் 'பாடு' என்னும் அரசாங்கத் தரவுத்தளத்தில் பெயர் பதியவேண்டியிருந்தபோது வரிசையாய் வந்தார்கள். ஒவ்வொருவரும் போகும்போது, "நீங்களே எழுதி வெச்சிக்கங்க கிராணியாரே, எனக்கு மறந்துரும்" என்றார்கள். நாமும் எழுதி வைத்தோம்.

ஓர் இரவு அப்புத்தகத்தைப் புரட்டியபோது நமக்கே அச்சம் உண்டாயிற்று. கிராணி என்னும் சொல்லுக்கு நம் ஜனங்களிடையே இருந்த பழைய பெயர் நல்ல பெயரன்று. துரைக்கும் கூலிக்கும் நடுவே நின்று, இங்கிலீஷ் தெரிந்த ஒரே காரணத்தால் இருபுறமும் ஆதாயம் பார்த்தவர் என்று அவரைப் பேசுவார்கள். கடிதம் எழுத அவர், மனு எழுத அவர், சம்பளச் சீட்டைப் படித்துச் சொல்லவும் அவர். எழுத்தறிவு பரவினால் அந்த இடைத்தரகு ஒழியுமென்று சீர்திருத்தக்காரர்கள் பேசினார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், அது பெரும்பாலும் ஒழிந்தது. இன்று தமிழும் மலாயும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே கையில் கைப்பேசியோடு மறுபடியும் கிராணியின் மேஜைக்கு வருகின்றார்கள். அன்று கிராணியிடமிருந்தது எழுதுகோல். இன்று அவனிடம் நாற்பது வீட்டுச் சாவிகள். நாம் நல்லவராயிருப்பது தற்செயல். நமக்குப் பின் இந்த நாற்காலிக்கு வருகின்றவர் எத்தகையவரோ?

அம்மையாரின் மகனுடைய கடவுச்சொல் அப்புத்தகத்தில் இல்லை. அவன் பிறரை நம்பி எழுதித் தருகின்றவன் அல்லன்; அதுவே அவனுடைய கெட்டிக்காரத்தனம். பெட்டி கேட்ட எண் அவனுடைய கைப்பேசிக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கைப்பேசி விபத்தில் நொறுங்கிவிட்டது. முன்பணம் கட்டும் சிம் ஆதலால், மாதக்கணக்கில் பணம் ஏற்றாமல் எண்ணும் காலாவதியாகிவிட்டது. இருந்தாலும் பார்ப்போமென்று அந்த எண்ணை அழைத்தோம். யாரோ எடுத்தார்கள். அம்மையார் நம் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

எடுத்தவன் ஒரு மலாய் இளைஞன். எண் அவனுக்கு விற்கப்பட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. நடந்ததைச் சொன்னோம். இரவில் மூன்று முறை ஏதோ எண்கள் வந்தனவென்றும், மோசடியென்று அழித்துவிட்டதாகவும் சொன்னான். மறுபடியும் அனுப்பச் செய்தால் படித்துச் சொல்வாயா என்று கேட்டோம். சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, "மாஃப், பாங். அந்த எண்ணை யாரிடமும் சொல்லாதே என்றுதான் அதிலேயே எழுதியிருக்கிறது" என்று மிகுந்த பணிவோடு மறுத்தான். அவன் செய்தது முற்றிலும் சரி. தோட்டத்தில் எல்லாருக்கும் நாம் போதித்து வருவதும் அதுவேதான்.

பிறகு நிறுவனத்துக்கே எழுதினோம். அது எந்த நிறுவனமென்பது இங்கே வேண்டுவதில்லை. முதலில் விடை சொல்லும் இயந்திரம். அதனைக் கடந்தால் ஒரு மனிதர். கணக்குடையவர் காலமாகிவிட்டார், அவருடைய தாயார் சார்பில் எழுதுகின்றோம் என்றோம். ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தார். தெரிவித்துவிட்டு, பாதுகாப்புக் காரணமாகக் கணக்குடையவரே தொடர்புகொண்டால்தான் உதவ முடியுமென்று எழுதினார். மேற்கொண்டு வாதாடியபோது, இறப்புச் சான்றிதழும் வாரிசுப் பத்திரமும் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அனுப்பினால் பரிசீலிக்கப்படுமென்றார். மாதம் 20 ரிங்கிட்டுக்கு உட்பட்ட சந்தாவுக்கு வாரிசுப் பத்திரம்! அந்தச் சந்தாவோ நின்றபாடில்லை. இறந்தவனுடைய வங்கிக் கணக்கில் எஞ்சியிருந்த சிறு தொகையிலிருந்து, மாதந்தோறும், 2024 மார்ச் முதல் 8 விழுக்காடாக உயர்ந்த சேவை வரியோடு சேர்த்து, தவறாமல் கழிந்துகொண்டிருந்தது. செத்தவனிடம் பணம் வாங்குவதற்கு அவன் யாரென்று யாரும் கேட்கவில்லை.

உள்ளே போவது எளிது, வெளியே வருவது அரிது என்னும் இந்த வித்தை ஓரிடத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க அரசாங்கத்தின் வாணிப ஆணையம் 2023-இல் அமேசான் மீது தொடுத்த வழக்கில், சந்தாவை நீக்கும் வழிக்கு அந்த நிறுவனத்துக்குள்ளேயே 'இலியாத்' என்று பெயர் வைத்திருந்தார்கள் என்று குறித்தது. பள்ளிக்கூடத்தில் ஹோமரை ஆங்கிலத்தில் படித்துத் தேர்வெழுதிய நமக்கு, பத்தாண்டுப் போரைப் பாடும் காவியத்தின் பெயர் எதற்குப் பயன்படுகின்றதென்று கண்டு வியப்பாயிருந்தது. 2025 செப்டம்பரில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 250 கோடி டாலர் கொடுத்து நிறுவனம் அவ்வழக்கைத் தீர்த்துக்கொண்டது. இந்தியாவில் 2021 அக்டோபர் முதல், மாதந்தோறும் தானே கழியும் தொகைக்கு 24 மணி நேரத்துக்கு முன்னரே கணக்குடையவருக்கு அறிவிக்கவேண்டுமென்று ரிசர்வ் வங்கி விதி செய்தது. 2023 நவம்பரில் அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பதின்மூன்று வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடுத்தது. சந்தாப் பொறியும் அவற்றுள் ஒன்று. ஆகவே, இது யாருக்கும் தோன்றாத குறையன்று. மனிதர் மனம் வைத்தால் திருத்தக்கூடியதே. ஆயினும், சந்தாதாரர் சாவார் என்பதையும், அவருக்குத் தாய் என்றொருத்தி இருப்பாள் என்பதையும் நினைத்து எழுதிய விதியொன்றை நாம் இதுவரையில் காணவில்லை.

வங்கிக்குப் போய் இறப்பைத் தெரிவித்தால் பணம் கழிவதாவது நிற்குமே, இத்தனை மாதம் ஏன் போகவில்லை என்று அம்மையாரைக் கேட்டோம். "போனா அவன் பேரை அடிச்சிருவாங்கல்ல தம்பி" என்றார்.

மறுநாள் நாம் செய்ததை இங்கே ஒளிக்காமல் எழுதுகின்றோம். நிறுவனத்துக்கு மறுபடியும் எழுதினோம். வேறொரு மனிதர் வந்தார். கணக்குடையவருடன்தான் பேசுகின்றேனா என்று கேட்டார். "ஆம்" என்று தட்டினோம். பிறந்த நாளைக் கேட்டார், நமக்கும் அவனுக்கும் பதினோரு நாளே வேறுபாடு, எழுதினோம். வங்கி அட்டையின் கடைசி நான்கு எண்களைக் கேட்டார். அம்மையார் அவனுடைய பணப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தார். மின்னஞ்சல் முகவரியை நம்முடையதாக மாற்றிக் கொடுத்தார். எல்லாம் நான்கு நிமிஷத்தில் முடிந்தது. முடிவில், "எங்களோடு தொடர்ந்து இருப்பதற்கு நன்றி" என்று எழுதினார்.

மெய் சொன்னபோது திறவாத கதவு பொய் சொன்னபோது திறந்ததே என்று அப்போது மனம் கொதித்தது. பகுத்தறிவும் நாணயமும் பேசி வளர்ந்த நாம், இறந்த நண்பனின் பெயரால் கையெழுத்திட்டதுபோல் அந்த "ஆம்" திரையிலே நின்றது. அதனைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். மேலும், இதே நான்கு நிமிஷம் ஒரு திருடனுக்கும் போதுமல்லவா?

அன்று மாலை அம்மையார் வீட்டுக்குப் போனோம். பெட்டியைத் திறந்து கொடுத்து, சந்தாவை அன்றே நீக்கிவிடுவதென்று எண்ணம். மாதம் இருபது ரிங்கிட் அவருக்குச் சிறு தொகையன்று. நீக்கிக் கொடுப்பது நாம் செய்யும் நன்மை என்று உள்ளூரப் பெருமையும் கொண்டிருந்தோம். பெட்டி திறந்தது. பாதி பார்த்து நிறுத்திய படங்களின் வரிசை வந்தது. ஒரு படத்தின் கீழே சிவப்புக் கோடு ஒன்று முக்கால்வாசி ஓடி நின்றிருந்தது. அது என்ன கோடு என்று அம்மையார் கேட்டார். அவன் அதுவரையில் பார்த்திருக்கின்றான், மீதியைப் பார்க்கவில்லை என்று சொன்னோம். அம்மையார் எழுந்து போய் விளக்கை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நாம் கையில் வைத்திருந்த கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டோம்.

பின்னர் அம்மையாரே ஒரு நாள் சேலை மாற்றிக்கொண்டு வங்கிக்கு வந்தார், இறப்புச் சான்றிதழைக் கொடுத்தோம், கணக்கு மூடப்பட்டது. செயலியில் நம்முடைய அட்டையைப் பதிந்துகொண்டோம். சம்பள நாளில் அவர் நான்காய் மடித்த நோட்டுகளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைப்பார். வேண்டாமென்றால் கேட்கமாட்டார். 555 புத்தகத்தின் பின்பக்கத்தில் அவன் பெயரெழுதி, அதன் கீழே மாதவாரியாய் வரவு வைத்து வருகின்றோம். இவையெல்லாம் அந்த நிறுவனத்தின் விதிகளுக்கு மாறு என்பது நமக்குத் தெரியும். என்றைக்கு அது மறுபடியும் எண் கேட்கும் என்பது தெரியாது. புத்தகத்திலிருந்த மற்றவர்களுடைய கடவுச்சொற்களை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொருவராய்க் கூப்பிட்டு, அவரவரே மாற்றிக்கொள்ளக் கற்றுக் கொடுத்து வருகின்றோம். இதுவரையில் பதினேழு பேர். மெதுவாய்த்தான் நடக்கின்றது. இருவர் ஏற்கனவே மறந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

சென்ற வாரம் அம்மையார் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். நாடகம் பார்க்கும் நேரம். பெட்டியைத் தட்டியதும், யார் பார்க்கின்றீர்கள் என்று கேட்டு, பெயர்களைத் திரையில் வரிசையாய்க் காட்டிற்று. மகன் பெயர் ஒன்று. அதன் பக்கத்தில், அவன் உயிரோடிருந்தபோதே தாயாருக்கென்று அமைத்துக் கொடுத்த 'அம்மா' என்பது ஒன்று. அம்மையார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விசைப்பலகையை இரு கையாலும் பிடித்து, தம்முடைய பெயரைத் தாண்டிப் போய் அவன் பெயரின்மேல் நிறுத்தி அழுத்தினார். படம் வந்தது.